புதுப் பாசியைக் கண்டால்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு நண்பர் ஒருவர், "என்னய்யா, எல்லாரும் வாழ்க்கையில் முன்னேறுவது எப்படின்னு பேசுறாங்க, நீ பாசியைப் பத்தியா பேசப் போற?" என்று கேட்டார். தாவரவியல் படித்தவனிடம் மைக்கைக் கொடுத்தால் வேறு எதைப் பேசுவான்? முப்பது வருடத்துக்கும் மேலாக வேறொரு கல்லூரியில் அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். சாப்பாட்டுக்கு முன்னால் எனக்குக் கொடுத்திருக்கும் நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன், பயப்பட வேண்டாம்.

தாவரவியல் படித்த எல்லோருக்கும் மண்டபம் சுற்றுலா நினைவிருக்கும். நமக்கு அது சுற்றுலா. பேராசிரியருக்கு அது களப்பணி. விடிகாலையில் நீர் வற்றும் நேரம் பார்த்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முழங்கால் அளவுத் தண்ணீரில் இறங்கிப் பாறை பாறையாகத் தடவிப் பாசி எடுப்போம். பழைய செய்தித்தாளில் பரப்பி, ஃபார்மலின் வாடையோடு பையில் கட்டிக் கொண்டுவந்து, ஹெர்பேரியம் தாளில் ஒட்டிச் சமர்ப்பிப்போம். பத்து மார்க். இன்றும் தமிழ்நாட்டின் எத்தனையோ கல்லூரிகளிலிருந்து பஸ் பஸ்ஸாகப் பிள்ளைகள் அங்கே போகிறார்கள். நான் பேச வந்த விஷயத்தில் அந்தப் பஸ்ஸில் போகிறவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

நாம் லத்தீன் பெயரை மனப்பாடம் செய்தோம். அந்தக் கரையில் உள்ள பெண்களுக்கு அதெல்லாம் தேவையில்லை. நாம் கிராசிலேரியா என்பதை அவர்கள் கஞ்சிப்பாசி என்பார்கள். ஜெலிடியெல்லா அவர்களுக்கு மரிக்கொழுந்துப் பாசி. சர்காசம் கட்டக்கோரை. டர்பினேரியாவுக்குப் பக்கோடா பாசி என்று பெயர் வைத்தது யாரோ, அவர் நல்ல ரசிகர். பார்த்தால் அப்படியேதான் இருக்கும். மரிக்கொழுந்தும் கஞ்சிப்பாசியும் அகர்அகர் செய்யப் போகின்றன. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் கடல்பாசி காய்ச்சிக் கொடுப்பார்களே, அந்தச் சங்கதிதான். கண்ணில் கண்ணாடி மாட்டி, விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்கி, இந்தப் பாசிகளைப் பறித்துக் குடும்பத்தைக் காப்பாற்றுகிற பெண்கள் பாம்பன் பக்கம் நிறையப் பேர். அந்தத் தொழிலாளிகளில் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி அவர்களுக்கு 2015-இல் சீகாலஜி விருது என்ற பன்னாட்டு விருது கிடைத்தது. மாதத்தில் இத்தனை நாள்தான் பறிப்பது, மற்ற நாளில் பாசி வளர விட்டுவிடுவது என்று அவர்களே கூடிக் கட்டுப்பாடு வைத்துக்கொண்டவர்கள். இதை நமது கல்லூரிப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம் என்பது என் தாழ்மையான கருத்து.

இந்தப் பெயர்களோடு 2000-க்குப் பிறகு இன்னொரு பெயர் சேர்ந்தது. பெப்சி பாசி. குளிர்பானத்துக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று தம்பிகள் முகத்தில் கேள்வி தெரிகிறது. சொல்கிறேன்.

அதன் சரியான பெயர் கப்பாபைகஸ் அல்வரேசி. சொந்த ஊர் பிலிப்பைன்ஸ் பக்கம். இதிலிருந்து காராஜீனன் என்ற பொருள் எடுக்கிறார்கள். ஐஸ்கிரீம் உடனே உருகாமல் இருக்கவும், பற்பசை குழைவாக வரவும் அது வேண்டும். பாவ்நகரில் உள்ள மத்திய உப்பு மற்றும் கடல் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் 1984-இல் ஜப்பானிலிருந்து இதைக் கொண்டுவந்து, குஜராத் கரையில் பழக்கி, 1990-களில் மண்டபத்துக்குக் கொண்டுவந்தது. பெப்சிகோ கம்பெனி வளர்ப்புத் தொழில்நுட்பத்தை வாங்கி, மகளிர் சுய உதவிக் குழுக்களை வைத்து மிதவையில் வளர்க்க ஆரம்பித்தது. 2008-இல் அந்தக் கம்பெனி வேறொருவரிடம் தொழிலை ஒப்படைத்துவிட்டுப் போய்விட்டது. ஆனாலும் கரையில் பெயர் பெயர்தான்.

வளர்க்கும் விதம் எளிமையானது. மூன்று மீட்டருக்கு மூன்று மீட்டர் மூங்கில் சட்டம். அதில் இருபது கயிறு. ஒரு கயிற்றில் இருபது துண்டு, துண்டு ஒன்று நூற்றைம்பது கிராம். ஆக ஒரு மிதவைக்கு 60 கிலோ விதைப்பாசி. நாற்பத்தைந்து நாள் கழித்து அள்ளினால் ஏறக்குறைய 260 கிலோ ஈரப்பாசி. உரம் கிடையாது, தண்ணீர் பாய்ச்ச வேண்டாம், களை எடுக்கிற வேலை மட்டும் கொஞ்சம். ராமநாதபுரம் மாவட்டத்தில் மழையை நம்பி மிளகாய் போட்டு ஏமாந்த குடும்பத்துக்கு இது எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அந்தப் பெண்களில் பலர் முதன்முதலாகத் தங்கள் பெயரில் பேங்க் கணக்குத் திறந்தது இந்தப் பாசியால்தான். எனவே இங்கே நான் பாசி வளர்ப்பைத் திட்டுவதற்கு வரவில்லை. அதைத் திட்டுகிறவர்கள் பெரும்பாலும் மாதச் சம்பளம் வாங்குகிறவர்கள் என்பதை நான் கவனித்திருக்கிறேன்.

ஆனால் கணக்கை இன்னொரு தரம் பாருங்கள். நூற்றைம்பது கிராம் துண்டு நாற்பத்தைந்து நாளில் நான்கு மடங்குக்கு மேல் ஆகிறது. விதை வேண்டாம், பூ வேண்டாம், ஒடித்த துண்டே செடி. விவசாயிக்கு அது வரப்பிரசாதம். அதே குணம் கயிற்றை விட்டு ஒடிந்து விழுந்த துண்டுக்கும் உண்டல்லவா? அலை அடிக்கிறது, கயிறு அறுகிறது, துண்டு மிதந்து போகிறது. போய்ச் சேரும் இடம் வெறும் மணலாக இருந்தால் பெரும்பாலும் மீன் தின்றுவிடும், அல்லது அழுகிவிடும். பவளப்பாறையாக இருந்தால்?

பவளம் கல் அல்ல, உயிர். கரையில் முருகைக்கல் என்பார்கள். அதன் உடலுக்குள் நுண்ணிய பாசிகள் குடியிருந்து, வெயிலை வாங்கிச் சமைத்து, அதற்குச் சோறு போடுகின்றன. மேலே தடித்த பாய் மாதிரி ஒரு பாசி விரிந்து வெயிலை மறைத்துவிட்டால் கீழே உள்ள பவளம் பட்டினி கிடந்து சாகும். வயலில் களை மண்டினால் நெல் என்ன ஆகுமோ அதேதான். இந்த மாவட்டத்துக்காரர்களுக்கு உதாரணம் தேட வேண்டியதே இல்லை. விறகுக்கும் வேலிக்கும் ஆகும் என்று கொண்டுவந்த சீமைக்கருவேலம் இன்று கண்மாய்க்குள் நிற்கிறது. அதை வைத்துக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கிற குடும்பமும் இருக்கிறது, கண்மாயைப் பறிகொடுத்த குடும்பமும் இருக்கிறது. சில வீடுகளில் இரண்டும் ஒரே குடும்பம்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சேர்த்து 1986-இல் கடல்வாழ் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். 1989-இல் அது உயிர்க்கோளக் காப்பகத்தின் பகுதியானது. அந்தத் தீவுகளில் குருசடைக்குத் தனிப் பெருமை. இந்தியாவில் பாசியியலின் தந்தை என்று போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் 1927-இல் குருசடைத் தீவின் தாவரங்களைப் பற்றி எழுதினார்; சென்னை அருங்காட்சியகம் அதை வெளியிட்டது. நூறு வருடத்துக்கு முந்தைய பட்டியல் ஒன்று கையில் இருக்கிற தீவு நம் கடலில் அதிகம் கிடையாது. இந்தப் பட்டியல் விஷயத்தை மறந்துவிடாதீர்கள்.

2005 டிசம்பரில் தமிழக அரசு ஓர் ஆணை போட்டது. கப்பாபைகஸை மன்னார் வளைகுடாத் தீவுகளை விட்டு விலகி, பாக் நீரிணைப் பக்கமும் தூத்துக்குடிக்குத் தெற்கிலும்தான் வளர்க்கலாம் என்று. நல்ல ஆணை. ஆனால் 2008-இல் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குருசடைத் தீவின் கிளைப்பவளங்கள் மேல் இந்தப் பாசி ஏறிப் படர்ந்து நிற்கிறது என்று படத்தோடு காட்டினார்கள். பிறகு சிங்கிள் தீவு, முல்லித் தீவு என்று செய்தி வந்தது. இதை மறுத்தவர்களும் உண்டு. பரவிய இடம் சிறியது, ஒரு மூலையில்தான் இருக்கிறது, இதற்காகப் பெண்களின் தொழிலை முடக்கலாமா என்று வளர்ப்பை ஆதரித்த விஞ்ஞானிகள் எழுதினார்கள். இரு தரப்பும் படித்தவர்கள், இரு தரப்பிலும் நியாயம் இருந்தது. நான் இரண்டையும் வகுப்பில் படிக்கக் கொடுத்து மாணவர்களை விவாதிக்க விடுவேன். என் சொந்த அபிப்பிராயம் கேட்டால், பரவிய இடம் சிறியதாக இருக்கும்போதுதான் அகற்ற முடியும். சிறியது என்பதைச் சும்மா இருப்பதற்குக் காரணமாகச் சொன்னதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

ஏன் என்றால் இதே பாசி ஹவாயில் என்ன செய்தது என்பது அதற்கு முன்பே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அங்கே கனியோஹே விரிகுடாவில் 1974-இல் வளர்ப்புச் சோதனைக்காகப் போட்டார்கள். ஆழமான பகுதியைத் தாண்டிப் போகாது என்று நினைத்தார்கள். வருடத்துக்கு ஏறக்குறைய 250 மீட்டர் வீதம் நகர்ந்து, 1990-களின் நடுவில் ஆறு கிலோமீட்டர் போய்விட்டது. கையால் பிடுங்கினார்கள், பவளத்தின் இடுக்கில் ஒட்டியிருந்த துணுக்கிலிருந்து மறுபடி முளைத்தது. கடைசியில் தெப்பத்தின் மேல் பெரிய உறிஞ்சும் இயந்திரத்தை வைத்து, முக்குளிப்போர் கீழே பிடுங்கப் பிடுங்க மேலே உறிஞ்சி எடுத்தார்கள். மிச்சம் மீதியைத் தின்பதற்கு அந்த ஊர்க் கடல் முள்ளெலிகளைப் பண்ணையில் வளர்த்துக் கொண்டுபோய் விட்டார்கள். வேலை நடந்தது, பலனும் கிடைத்தது. ஆனால் எவ்வளவு பணம், எவ்வளவு வருடம்!

நேர்மையாக ஒன்று சொல்லிவிட வேண்டும். கப்பாபைகஸ் எத்தனையோ நாடுகளுக்குப் போயிருக்கிறது. போன இடமெல்லாம் இப்படி ஆகவில்லை. எங்கே ஆகும், எங்கே ஆகாது என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சங்கடம்.

இப்போது வேறொரு பாசியின் கதை. சீக்கிரம் சொல்வதற்கும் தாமதமாகச் சொல்வதற்கும் உள்ள வித்தியாசத்தை இதைவிடத் தெளிவாக எந்தப் புத்தகத்திலும் நான் படித்ததில்லை.

காலர்பா டாக்சிபோலியா என்று ஒரு பச்சைப் பாசி. இறகு மாதிரி அழகாக இருக்கும். அதனால் ஐரோப்பாவில் கண்ணாடித் தொட்டி மீன்களுக்கு நடுவே அலங்காரத்துக்கு வைத்தார்கள். 1984-இல், அதாவது நம் ஆட்கள் கப்பாபைகஸைக் கொண்டுவந்த அதே வருடம், மத்தியதரைக் கடலில் மொனாக்கோ கடலியல் அருங்காட்சியகத்துக்கு நேர் கீழே கடலில் இந்தப் பாசி தென்பட்டது. இருந்தது ஒரு சதுர மீட்டர்தான். நம் வீட்டு வாசல் கோலம் அளவு. அன்றைக்கே ஒரு ஆள் இறங்கி ஒரு மத்தியானத்தில் எடுத்திருக்கலாம். யாரும் எடுக்கவில்லை. 1989-இல் ஒரு ஹெக்டேர், அதாவது இரண்டரை ஏக்கர். அலெக்சாந்தர் மெனேஸ் என்ற பிரெஞ்சுப் பேராசிரியர் கத்திக்கொண்டே இருந்தார். தொட்டியிலிருந்து வந்ததா, தானாக வந்ததா, யார் பொறுப்பு, எந்த இலாகா என்று சர்ச்சை நடந்துகொண்டே இருந்தது. பாசிக்குச் சர்ச்சை புரியுமா? படகின் நங்கூரத்தில் சிக்கி, மீன் வலையில் சிக்கி, துறைமுகம் துறைமுகமாகப் போனது. பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின், குரோஷியா. 2000-க்குள் அது கண்ட பரப்பு நூறு சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒழிப்பது என்ற பேச்சையே விட்டுவிட்டார்கள்.

அதே 2000-ஆம் வருடம் ஜூன் 12. அமெரிக்காவில் கலிபோர்னியா, சான் டியாகோவுக்கு வடக்கே ஒரு கடற்கழி. கடல்புல் எப்படி வளர்ந்திருக்கிறது என்று பார்க்க முக்குளிப்போர் சிலர் வழக்கமாக இறங்குகிறவர்கள். அன்றைக்குப் புல்லுக்கு நடுவே பழக்கமில்லாத ஒரு பச்சையைப் பார்த்தார்கள். பார்த்தவர்கள் சும்மா போகவில்லை. மாதிரி எடுத்து, தெரிந்தவர்களிடம் காட்டி, இன்னது என்று உறுதி செய்தார்கள். பதினேழாம் நாள் வேலை தொடங்கிவிட்டது. பாசித் திட்டுகளின் மேல் கறுப்பு பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, ஓரத்தை மணல் மூட்டையால் அழுத்தி, உள்ளே குளோரின் செலுத்தினார்கள். பிறகு வருடக்கணக்கில் அங்குலம் அங்குலமாகத் தேடினார்கள். 2001-இல் அந்த மாகாணம் காலர்பா இனங்கள் சிலவற்றை விற்பதற்கும் வைத்திருப்பதற்கும் தடைச் சட்டம் போட்டது. 2006 ஜூலையில் ஒழிந்தது என்று அறிவித்தார்கள். செலவு எழுபது லட்சம் டாலருக்கு மேல். கொசுறாக ஒரு செய்தி: 2021-இல் அதன் உறவுக்காரப் பாசி ஒன்று அதே மாகாணத்தில் இன்னொரு இடத்தில் தலைகாட்டியது, முன் அனுபவம் இருந்ததால் உடனே இறங்கினார்கள்.

இரண்டு ஊரிலும் பாசி ஒன்றுதான். கலிபோர்னியாவில் அது மூடிய கழி, வேலை செய்ய வசதி என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஆனாலும் அந்த முக்குளிப்போர் அன்று 'நமக்கென்ன' என்று மேலே வந்திருந்தால் கழியின் வாய் வழியாக அது திறந்த கடலுக்குப் போயிருக்கும்.

இங்கே ஒரு நுணுக்கம். காலர்பா டாக்சிபோலியா நம் மண்டபம் பக்கத்திலும் உண்டு. பயந்துவிடாதீர்கள், இங்கே அது இயற்கையாகவே இருப்பது, ஊர்க்காரன். மத்தியதரைக் கடலில் பரவியது தொட்டியில் வளர்ந்து குளிரைத் தாங்கப் பழகிய வகை. எனவே பெயரை மட்டும் இன்டர்நெட்டில் பார்த்துவிட்டு, "ஐயோ கொலைகாரப் பாசி" என்று பத்திரிகைக்குப் போன் போடக் கூடாது. எது ஊர்ப் பாசி, எது வந்த பாசி என்று தெரிய வேண்டுமானால் முன்பு என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். அதற்குத்தான் ஐயங்கார் பட்டியல். அதற்குத்தான் நம் துறையில் தூசி படிந்து கிடக்கிற அந்த ஹெர்பேரியம் பீரோவும்.

சரி, நாம் என்ன செய்யலாம்? முதலில் பரப்பாமல் இருப்பது. களப்பணிக்குப் போகும் பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். ஒரு கரையில் எடுத்த பாசியை இன்னொரு கரையில் கொட்டாதீர்கள். மண்டபத்தில் காலையில் எடுத்து, ராமேசுவரத்தில் மத்தியானம் பிரித்துப் பார்த்து, வேண்டாததைக் கடலில் எறிவது வழக்கமாக நடக்கிறது. மண்டபத்தில் ஒரு பக்கம் பாக் நீரிணை, ஒரு பக்கம் மன்னார் வளைகுடா. பத்து நிமிட நடையில் இரண்டு கடல். மிதவை இருக்கிற பக்கத்துப் பாசித் துண்டு உங்கள் பையில் ஏறித் தீவு இருக்கிற பக்கம் போகக் கூடாது. வேண்டாததைக் கரைக்கு மேலே, அலை எட்டாத இடத்தில் போட்டுக் காயவிடுங்கள். வலைப்பை, செருப்பு, வாளி எல்லாவற்றையும் நல்ல தண்ணீரில் அலசி வெயிலில் உலர்த்துங்கள். படகு வைத்திருக்கும் நண்பர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள். நங்கூரக் கயிறும் வலையும் அப்படித்தான். வீட்டில் கடல் மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் அலுத்துப் போனால் உள்ளே இருப்பதைக் கடலிலோ கழிமுகத்திலோ கொட்ட வேண்டாம். கொளத்தூரில் வாங்கிய அழகுப் பாசிக்கு எந்தக் கடல் சொந்தம் என்று கடைக்காரருக்கே தெரியாது.

வளர்க்கிறவர்கள் தரப்பில், மிதவைக்கு அடியில் வலை கட்டுவது முக்கியம். ஒடிந்த துண்டு அதில் விழும். காற்றுக் காலத்துக்கு முன்னால் மிதவையைக் கரைக்கு இழுப்பது அதைவிட முக்கியம். இதில் பெண்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்வது பொய். ஒடிந்து போவது அவர்கள் காசு. வலையின் விலையை யார் தருவது என்பதில்தான் பேச்சு நிற்கிறது. 2013-க்குப் பிறகு கடல் சூட்டில் பாசி பெருமளவு அழுகித் தொழிலே படுத்தபோது, விதைப்பாசிக்கு வாங்கிய கடன்தான் அவர்கள் கையில் மிஞ்சியது. இப்போது மறுபடி அரசு இந்தத் தொழிலுக்கு ஊக்கம் தருகிறது. ராமநாதபுரம் மாவட்டத்தில் கடற்பாசிப் பூங்காவுக்கு 2023-இல் அடிக்கல் நாட்டினார்கள். வெளிநாட்டிலிருந்து உயிருள்ள விதைப்பாசி கொண்டுவருவதற்கு மத்திய மீன்வளத் துறை 2024-இல் வழிமுறைகள் வெளியிட்டது. அனுமதி வேண்டும், தனியே வைத்துச் சோதிக்க வேண்டும் என்று. வனவிலங்குச் சட்டத்திலும் 2022 திருத்தத்தில் ஆக்கிரமிப்பு அயல் இனம் என்ற சொல்லே புதிதாகச் சேர்ந்திருக்கிறது. காகிதத்தில் எல்லாம் வந்துவிட்டது. கடலைப் பார்க்கிற கண்தான் வேண்டும்.

அடுத்தது, கண்டால் சொல்வது. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதி கொடுங்கள்.

ஒரு வருடம் மாணவர்களோடு நீர் வற்றிய கரையில் நின்றுகொண்டிருந்தோம். பாசி பறித்துக்கொண்டு வந்த ஒரு மூத்த அம்மாள் சாக்கை இறக்கிவைத்து, அதிலிருந்து தனியே ஒரு துண்டை எடுத்துக் காட்டினார். "சார், இது நம்ம பாசி இல்ல சார். கட்டுப் பாசி. கல்லுல ஏறிப் பிடிச்சிருக்கு." விரல் பருமன், வழவழப்பு, நுனி கூர். ஒடித்தால் வெள்ளரிப் பிஞ்சு மாதிரி நறுக்கென்று ஒடியும். கஞ்சிப்பாசி நூல் மாதிரி மெலிந்து இருக்கும், குழப்பமே வராது. நான் கேட்டேன், "எங்க அக்கா எடுத்தீங்க, மிதந்து வந்ததா, ஒட்டியிருந்ததா?" "ஒட்டித்தான் இருந்துச்சு. புடுங்க வரல. மேல ஒடிச்சிட்டு வந்தேன். நேத்தே சொல்லணும்னு நெனச்சேன், யார்ட்ட சொல்றது?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடி அன்று மத்தியானம் ஓர் அலுவலகத்துக்குப் போனோம். பெயர் வேண்டாம். அங்கிருந்தவர், "இது எங்க செக்ஷன் இல்ல சார், அங்க கேளுங்க" என்றார். அங்கே போனால், "எழுதிக் கொடுத்துட்டுப் போங்க" என்றார்கள். என்ன எழுத வேண்டும் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. என்னோடு வந்த ஒரு மாணவி, சாதாரணமாகப் பேசவே பேசாத பெண், ஒரு வெள்ளைத் தாளை எடுத்துத் தானே தலைப்புகள் போட்டு எழுதினாள். தேதி, நேரம், நீர் வற்றமா ஏற்றமா. இடம், கரையில் எந்த அடையாளத்துக்கு நேரே, எவ்வளவு தூரத்தில். ஆழம் இடுப்பளவா, ஆளளவா. எதன் மேல் ஒட்டியிருந்தது. மணலா, செத்த கல்லா, உயிருள்ள பவளமா. மிதந்ததா, பிடித்து வளர்ந்ததா. எத்தனை திட்டு, ஒவ்வொன்றும் எவ்வளவு அகலம். பார்த்தவர் யார், இதற்கு முன் அந்த இடத்தில் பார்த்தாரா. கீழே அந்த அம்மாளின் பெயரை முதலாவதாகவும் எங்கள் பெயரை இரண்டாவதாகவும் போட்டாள். இரண்டு மாதம் கழித்து அந்தத் தாளை வைத்துக்கொண்டு இடத்தைத் தேடிப் போனதாகத் தகவல் வந்தது. அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் அந்தத் தாளை ஜெராக்ஸ் எடுத்து மாணவர்களுக்குக் கொடுத்தேன். நான் செய்தது ஜெராக்ஸ் எடுத்தது மட்டும்தான்.

இன்றைக்கு உங்கள் கையில் போன் இருக்கிறது. படம் எடுக்கும்போது ஜி.பி.எஸ். இடத்தைப் பதிய விடுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலையோ பேனாவையோ வைத்து எடுங்கள், அளவு தெரியும். ஒரு படம் கிட்டத்தில், ஒரு படம் கரையும் தெரிகிற மாதிரி தூரத்தில். ஒட்டி வளர்கிற பாசியைப் பிடுங்காதீர்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். நல்ல எண்ணத்தோடு பிடுங்குகிறவன் ஒன்றைப் பத்தாக்கிவிட்டு வருவான். பிடுங்குவது பயிற்சி உள்ளவர்கள், பையோடு இறங்கிச் செய்ய வேண்டிய வேலை. பவளத்தைச் சேதப்படுத்துவது சட்டப்படியும் குற்றம், தீவில் வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்குவதும் கூடாது. கரை ஒதுங்கிய துண்டு கிடைத்தால் ஒன்றை எடுத்துத் தாளில் அழுத்தி உலர்த்தி வையுங்கள், தேதி போட்டு.

யாரிடம் சொல்வது? பூங்காவின் வனஉயிரினக் காப்பாளர் அலுவலகம் ராமநாதபுரத்தில் இருக்கிறது. மண்டபத்தில் வனச்சரக அலுவலகம் உண்டு. அதே மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மையமும், முதலில் சொன்ன உப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பாசி நிலையமும் இருக்கின்றன. அடையாளம் காண அவர்களிடம் போகலாம். ஒரே கடிதத்தை இரண்டு இடத்துக்கு அனுப்புங்கள். 'இது எங்க செக்ஷன் இல்ல' என்று சொல்வதற்கு இரண்டு பேரும் சேர்ந்து துணிய மாட்டார்கள். பதில் வராவிட்டால் மறுபடி எழுதுங்கள். நகலை நம் துறையில் வையுங்கள்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பழைய மாணவர்கள் நாம் பத்து மார்க்குக்காக ஒட்டிய தாள்கள் துறையில் பீரோ நிறைய இருக்கின்றன. நேற்று மாலை துறைத் தலைவர் திறந்து காட்டினார். சில தாள்களைக் கரையான் தின்றுவிட்டது. மிச்சமுள்ள பலவற்றில் இடமும் தேதியும் தெளிவாக எழுதியிருக்கிறது. 1970-களில் மண்டபம் கரையில் எந்தப் பாசி இருந்தது, எது இல்லை என்பதற்கு அவை சாட்சி. அந்தத் தாள்கள் எதிலும் கப்பாபைகஸ் இல்லை. இவற்றைப் படம் எடுத்துப் பட்டியலிட ஒரு ஸ்கேனரும், பீரோவுக்குக் கரையான் மருந்தும், விடுமுறையில் உட்கார்ந்து எழுத இரண்டு மாணவர்களுக்குச் சாப்பாட்டுச் செலவும் வேண்டும். பொருளாளர் என்னை முறைக்கிறார். பெரிய தொகை இல்லை ஐயா, பந்தல் செலவைவிடக் குறைவு. என் பங்கை இப்போதே மேடையில் கொடுத்துவிடுகிறேன்.

இந்த வருடம் மண்டபம் போகிற இரண்டாம் ஆண்டு மாணவர்கள் கையைத் தூக்குங்கள். பதினாறு, பதினேழு... இருபத்தொரு பேர். அந்தத் தாளின் நகல் இருபத்தைந்து கொண்டுவந்திருக்கிறேன், சாப்பாட்டுப் பந்தி வாசலில் தருகிறேன். பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிய நாளாகப் பார்த்துப் போங்கள். நீர் நன்றாக வற்றும். பாசி பறிக்கிற அம்மாமார்களைக் கண்டால் முதலில் அவர்களிடம் கேளுங்கள், அப்புறம் புத்தகத்தைப் பாருங்கள்.